பொத்தான் முத்திரை

பிப்ரவரி 7, 2012, செவ்வாய்

காலையிலிருந்து வடக்குக் காற்று, முப்பத்தொன்பது டிகிரி. நான் வேலை பார்க்கும் ஏலக்கூடத்துத் தகரக் கூரைக்கடியில் பதினோரு பெட்டிகளைப் பிரித்தேன். பத்தில் ஒன்றுமில்லை. அச்சில் வார்த்த பால் குவளைகள், காது உடைந்த கோப்பைகள், யாரோ மாலை வகுப்பில் செய்த சாம்பல் கிண்ணங்கள். பதினோராவதில் ஆறு மூடி ஜாடிகள், ஒவ்வொன்றும் பழைய செய்தித்தாளில் குழந்தையைச் சுற்றியதுபோல் சுற்றி வைக்கப்பட்டிருந்தன.

வின்னி ஓட்ஸ் என்று ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். டிசம்பரில் இறந்துவிட்டார். வீட்டைக் காலி செய்து அவருடைய அண்ணன் மகள் கோரல் அனுப்பிய சாமான்கள் இவை.

ஆறின் அடியிலும் அதே முத்திரை: வட்டத்துக்குள் நான்கு புள்ளிகள். பெயர்பெற்ற குயவர் லயனல் கார்விக்குடையது. நான் எழுதிய மண்பாண்ட முத்திரைக் கையேட்டில் அறுபத்து மூன்றாம் பக்கம். தூக்கத்தில்கூட எழுதிவிடுவேன்: கார்விக், 1960களின் நடுப்பகுதி, உயர்சூட்டில் சுட்ட மண், இரும்புப் புள்ளி தெறித்த சாம்பல் பூச்சு.

எழுதவில்லை. ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன். ஏதோ சரியில்லை. வெயிலாக இருக்கும்.

பிப்ரவரி 8

இன்று இருபத்திரண்டு டிகிரிதான். இன்னும் சரியில்லை.

பிப்ரவரி 9, வியாழன்

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

இன்று கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். ஜாடிக்குள் விரலை இறக்கி, சுவரோடு தடவிக்கொண்டே மேலே வந்தேன். மண் சக்கரத்தில் சுற்றும்போது செய்பவரின் விரல் உள்ளே ஒரு திருகு வரியை விட்டுப் போகும். கார்விக்கின் வரி இடமிருந்து வலமாக ஏறும். அவர் கையெழுத்துப் போட்ட ஜாடி என் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. மத்தியானம் போய் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். இடமிருந்து வலம்தான்.

இந்த ஆறும் வலமிருந்து இடமாக ஏறுகின்றன.

சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. ஒரு ஆள் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாகத்தான் சுற்றுவான். ஏதோ ஒரு நாள் விளையாட்டுக்கு மாற்றிச் சுற்றியிருக்கலாம் — ஆறு ஜாடியுமா?

மண் அவருடையது. பூச்சு அவருடையது. சூளைச் சூடும் அவருடையதுதான். கை மட்டும் வேறு.

பதினோரு வருஷமாக இந்த முத்திரையைப் பார்க்கிறேன். அடியையே பார்த்தேன், உள்ளே பார்க்கவில்லை. நோரீன் ஆஸ்க்யூ, மண்பாண்ட முத்திரைகளில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலேயே விவரம் தெரிந்தவள்! சிரிப்பு வருகிறது. வரவுமில்லை.

பிப்ரவரி 11, சனி

கிளைவ் வீட்டில் மதியச் சாப்பாடு. இந்த முறை நானாகவே போன் செய்து வருகிறேன் என்றேன். என் தம்பிக்கு ஆச்சரியம்.

"என்னடி அதிசயம், கூப்பிட்டாலே வர மாட்டே?"

இதய ஆபரேஷனுக்குப் பிறகு குழாய் வேலையை விட்டுவிட்டான். இப்போது அவனுக்கு இந்த ஜாடிகள்தான் எல்லாம். நான்கு புள்ளி முத்திரை போட்டவை இருபத்தேழு. எல்லாம் நான் 'கார்விக்' என்று சொல்லி அவன் வாங்கியவை. ஏப்ரலில் நகரக் காட்சிக்கூடத்தில் அவற்றுக்கென்றே ஒரு கண்காட்சி. 'லயனல் கார்விக்: அமைதியின் ஆண்டுகள். கிளைவ் ஆஸ்க்யூ சேகரிப்பிலிருந்து.' அழைப்பிதழ் மாதிரியைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான்.

அவன் ஆட்டுக்கறியைத் திருப்பிப் போட அடுப்படிக்குப் போன நேரத்தில் நான்கைந்து ஜாடிக்குள் கையை விட்டேன். எல்லாம் வலமிருந்து இடம். திரும்பி வந்தவன் பார்த்துவிட்டான்.

"என்ன, சாக்லேட் ஒளிச்சு வச்சிருக்கேன்னு தேடறியா?"

"தூசி இருக்கான்னு பார்த்தேன்."

"தினம் தொடைக்கிறேன். நீ வேற."

வரும் வழியில் என் ஊர் மால்டனுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி எட்டு மைல் போய்விட்டேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

நர்ஸின் பெட்டி அடியில், செய்தித்தாளுக்கு அடியில், ஒரு புகைப்படம் இருந்தது. தகரக் கொட்டகை. மேலங்கி போட்ட ஏழெட்டுப் பெண்கள். நடுவில் ஒருத்தி உதைசக்கரத்தில் உட்கார்ந்து, இடது காலால் உதைத்துக்கொண்டிருக்கிறாள். ஓரத்தில், தாடியோடு, கார்விக். பின்பக்கம் பென்சிலில்: 'எனிட். ஜனவரி 64.'

இடது கால். அதனால்தான் சக்கரம் மறுபக்கம்.

கோரலுக்குப் போன் செய்தேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"எங்க அத்தை வேலை பார்த்தது மனநோய் ஆஸ்பத்திரியிலங்க. அங்க நோயாளிங்களுக்குப் பொழுது போகறதுக்கு மண் வேலை கத்துக் கொடுப்பாங்களாம். எனிட்னு ஒருத்தர் இருக்காங்க, எனிட் லாக்கியர், கைனெட்டன்ல. அத்தை வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்புவாங்க. ஏங்க, ஏதாவது பிரச்சினையா?"

பிரச்சினையா என்று கேட்கிறாள்.

பிப்ரவரி 16

எனிட்டின் எண்ணை மூன்று தடவை அழுத்தினேன். மூன்று தடவையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நான்காவது தடவை எடுத்துவிட்டார். வின்னியின் ஜாடிகள் என்று சொன்னேன். பிறகு, "செவ்வாய்க்கிழமை வா. ஒரு மணிக்கு. தபால்ல எதுவும் அனுப்பாத."

பிப்ரவரி 21, செவ்வாய்

எல்லாவற்றையும் இப்போதே எழுதிவிட வேண்டும்.

சின்னச் செங்கல் வீடு. எழுபத்திரண்டு வயது, ஒல்லி, நிமிர்ந்த முதுகு. கதவைத் திறந்ததும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"உள்ள வா. என் பொண்ணு லினெட் மூணு மணிக்கு வருவா. அதுக்குள்ள நீ கிளம்பிடணும், சரியா?"

ஒரு ஜாடியை மட்டும் எடுத்துப் போயிருந்தேன். மேசையில் வைத்தேன். தொடவே இல்லை. எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையால் இழுத்து, மூடியை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார்.

"இதெல்லாம் இன்னும் இருக்கா? ஒடச்சுப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். எங்கிட்ட ஒண்ணு கூடக் கிடையாது."

முதல் குழந்தை ஒன்பது நாள் இருந்ததாம். ஆண்.

"அழுகை நிக்கல. அவ்வளவுதான் எனக்கு வியாதி. நிக்கலைன்னு என் புருஷன் டெட் அங்க கொண்டு போய் விட்டான். ரெண்டரை வருஷம். ஊர்ல கேட்டவங்களுக்கு, நெஞ்சுச் சளி, பெர்த்துல அவ அக்கா வீட்டுல இருக்கான்னு சொல்லி வச்சிருந்தான். நான் திரும்பி வந்தப்போ பெர்த் கடற்கரை எப்படி இருந்ததுன்னு எல்லாரும் கேட்டாங்க. நல்லா இருந்ததுன்னு சொன்னேன். இன்னிவரைக்கும் பெர்த்தைப் பார்த்ததில்ல."

கார்விக் வாரம் ஒரு நாள் வந்து கற்றுக்கொடுத்தாராம். சுடுவதற்குத் தன் சூளைக்கு எடுத்துப் போவாராம்.

"மோசமான மனுஷன் இல்ல. நல்லாப் பேசுவாரு. கடையில வச்சாப் போகும்னு எடுத்துக்கிட்டாரு. யாரு பண்ணதுன்னு யாரும் கேக்கல. அவரும் சொல்லல."

முத்திரை பற்றிக் கேட்டேன்.

"டிரஸ்ஸிங் கவுன் பொத்தான். மண்ணுல பேர் எழுதக் கூடாதுன்னு அங்க ரூல். எது என்னோடதுன்னு எனக்குத் தெரிய வேணாமா? பொத்தானைப் பிச்சு அழுத்தினேன்."

நாலு துளைப் பொத்தான்! என் கையேட்டைப் பையில் வைத்திருந்தேன், காட்டாமல் வந்திருக்கலாம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறுபத்து மூன்றாம் பக்கத்தைச் சத்தமாகவே படித்தார். "நான்கு புள்ளிகளும் நான்கு பருவங்களைக் குறிப்பதாகக் கொள்ளலாம்..." சிரித்தார் பாருங்கள். இருமல் வந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

"நாலு பருவமா! அடிப்பாவி!"

அடுத்த வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. "'ஆழ்ந்த அமைதி'யா? சக்கரத்தை எட்டி உதைக்கறதுக்குன்னே அந்தக் கொட்டகைக்குப் போவேன், தெரியுமா? அங்க வேற எதை உதைக்க முடியும் சொல்லு?"

கையேட்டின் இரண்டாம் பதிப்பு அடுத்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது, உங்கள் பெயரைச் சேர்க்கிறேன் என்றேன். அதுதானே நியாயம் என்றேன். நியாயம் என்ற சொல்லைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வேணாம்."

"இது நீங்க பண்ணது மிஸஸ் லாக்கியர். உங்களுக்குச் சேர வேண்டிய..."

"பேரைப் போட்டா எங்க பண்ணேன்னு போடுவ. லினெட்டுக்குத் தெரியாது. அவளுக்கு ஒரு அண்ணன் இருந்ததே தெரியாது. நாப்பத்து மூணு வருஷமாச் சொல்லாதத உன் புத்தகத்துல படிக்கணுமா அவ? போடக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். இரண்டே முக்காலுக்கு வெளியே தள்ளிவிட்டார். வாசல் வரை வந்து தக்காளி ஒரு பை கொடுத்தார்.

பிப்ரவரி 22

இன்று அச்சுத் திருத்தப் பிரதியில் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் எழுதினேன்: எனிட் லாக்கியர் (பிறப்பு 1939). சும்மா, எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு.

நன்றாகத்தான் இருக்கிறது. பெயர் இருந்தால் இது கண்டுபிடிப்பு. பெயர் இல்லாவிட்டால் நான் செய்த தப்பு. அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குத் தெரியாதா என்ன.

பிப்ரவரி 23

பெயரை அடித்துவிட்டேன். பேனாவால் அடித்தால் படிக்க முடிகிறது. பக்கத்தையே கிழித்துக் கணப்படுப்பில் போட்டேன். பிப்ரவரி வெயிலில் நெருப்பு மூட்டுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

பிப்ரவரி 26, ஞாயிறு

கிளைவிடம் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் களை பிடுங்கினேன். அலமாரியை இறக்கித் துடைத்து ஏற்றினேன். காரைக் கழுவினேன். சொல்ல வேண்டும்.

மார்ச் 3, சனி

சொல்லிவிட்டேன்.

முதலில் நம்பவில்லை. பிறகு நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்தான். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"நீ சொன்னதுனாலதானே வாங்கினேன்! ஒவ்வொண்ணுக்கும் உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேனா இல்லையா? தலைகீழாக் கவுத்துப் பார்த்து, மகாராணி மாதிரி, 'கார்விக், சந்தேகமே இல்ல'ன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"சந்தேகமே இல்லன்னு சொன்னே!"

"ஆமா கிளைவ்."

"சரி யாரு பண்ணது? அதையாவது சொல்லு."

"சொல்ல முடியாது. அந்தம்மா பேர் வேணாம்னு சொல்லிட்டாங்க."

அவன் முகம் சிவந்த விதத்தைப் பார்த்து அவன் நெஞ்சைப் பற்றிப் பயம் வந்துவிட்டது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பேரைப் போட்டுத் தொலையேன்! அப்பவாவது நம்ம மானம் மிஞ்சும். 'ஆஸ்க்யூ குடும்பம் கண்டுபிடிச்சது'ன்னு பேப்பர்ல வரும். பேரும் இல்லாம, கார்விக்கும் இல்லாம, இருபத்தேழு அநாதை ஜாடியை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்? இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு இரு. அந்தம்மாவும் சொல்லப் போறதில்ல. கார்விக் செத்து முப்பது வருஷம் ஆச்சு. யாருக்குடி நஷ்டம்?"

நிஜமாகவே யோசித்தேன், யாருக்கு நஷ்டம்? எனிட் பெயர் வேண்டாம் என்கிறார். கிளைவுக்கு கார்விக் வேண்டும். நானும் அப்படியே விட்டுவிட்டால் மூன்று பேருமே நிம்மதியாக இருக்கலாம்.

"கார்விக் பண்ணதில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எழுத முடியாது."

"உன் பெருமைதான் உனக்கு. எப்பவும் அப்படித்தான். கிளம்பு."

கிளம்பினேன்.

மார்ச் 6, செவ்வாய்

காட்சிக்கூடத்துப் பொறுப்பாளர் டாம்சினிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவள் சின்னப் பெண், கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கிளைவ் கண்காட்சியே வேண்டாம்னு நேத்து சொல்லிட்டாரே, நோரீன். உங்களுக்குத் தெரியாதா?"

மார்ச் 8

தெரியாது.

மார்ச் 13

அவன் போனை எடுக்கவில்லை. ஒன்பதாவது நாள்... பத்தாவது நாள். எண்ணக் கூடாது. என் கையேட்டை இன்று முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு முத்திரைகள். இன்னும் எத்தனை பொத்தான்களுக்கு நான் பருவம் எழுதியிருக்கிறேன்? இருபத்து மூன்று இடத்தில் 'உறுதியாக' என்பதை வெட்டி 'எனக்குத் தெரிந்தவரை' என்று போட்டேன். அதற்குமேல் உட்கார முடியவில்லை. குன்றுப் பாதையில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்தேன். ஒரு மாக்பைப் பறவை தலைக்குமேல் கத்திக்கொண்டே வந்தது. அது ஆளைத் துரத்தும் சீசனே இல்லை, அதற்கும் என்மேல் என்ன கோபமோ.

மார்ச் 19, திங்கள்

காலை ஏழு மணிக்குப் போன். நான் 'ஹலோ' சொல்வதற்குள்:

"இருபத்தேழும் அந்தப் பக்கம்தான் சுத்துது."

"கிளைவ்..."

"ரெண்டு வாரமா எல்லாத்துலயும் கையை விட்டுப் பார்க்கிறேன். ஒண்ணாவது இந்தப் பக்கம் இருக்காதான்னு. ஒண்ணு கூட இல்ல. பன்னெண்டாம் நம்பர் உள்ள அடியில ஒரு நகம் பட்ட தழும்பு இருக்கு. சின்ன நகம். என் சுண்டு விரல் நகம் அளவு. கார்விக்குக் கை எப்படி இருக்கும் தெரியுமா உனக்கு? போட்டோவுல பார்த்திருக்கேன். சம்மட்டி மாதிரி இருக்கும்."

ஒரு மூடியை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டான்:

"அந்தம்மா எங்க இருந்தாங்க? பேர் கேக்கல. எங்க இருந்தாங்க?"

சொன்னேன். எங்கே என்பதையும், குழந்தை போனதையும். வேறு எதுவும் சொல்லவில்லை.

"நெஞ்சைப் பிளந்து தச்சதுக்கப்புறம் நாலு மாசம் நான் யார்கிட்டயும் பேசல, ஞாபகம் இருக்கா? இந்த ஜாடிங்களைத்தான் தொடச்சுக்கிட்டு இருந்தேன்." மூக்கை உறிஞ்சினான். "டாம்சினுக்கு நானே போன் பண்றேன். ஜாடி எல்லாத்தையும் நானே வேன்ல கொண்டு வரேன். ஆனா போர்டுல என்ன எழுதணுமோ நீ எழுதிக்கோ. இந்தத் தடவை ஒழுங்கா எழுது."

அடுப்பில் வைத்த ரொட்டி கருகிப் போச்சு. அதையே தின்றேன்.

மார்ச் 29, வியாழன்

அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று. அறுபத்து மூன்றாம் பக்கம் இப்படி: "முன்பதிப்பில் லயனல் கார்விக்கின் முத்திரை என்று எழுதியது என் பிழை. இது ஒரு மேலங்கிப் பொத்தானின் பதிவு. செய்தவர் ஒரு பெண். 1963 முதல் 1965 வரை மருத்துவமனையில் இருந்தபோது செய்தார். பெயர் தெரியும். அவர் விருப்பப்படி தரப்படவில்லை." பருவங்கள் போயின. 'ஆழ்ந்த அமைதி' போயிற்று.

எனிட்டுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "மருத்துவமனைன்னு மட்டும்தானே போட்டிருக்க? எதுன்னு போடலயே?" என்று இரண்டு முறை கேட்டார். போடவில்லை என்றேன். கண்காட்சி ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி தொடங்குகிறது என்றேன். "எனக்கெதுக்கு அது?" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 21, சனி

திறப்பு. ஐம்பது பேர் வந்திருப்பார்கள். மெல்பர்னிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் என்னிடம், "பதினோரு வருஷமா எங்களை ஏமாத்திட்டீங்களே நோரீன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பில்லை அது. சேகரிப்பாளர் சங்கத்தில் பாதிப் பேர் வரவே இல்லை.

கிளைவ் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். பேசச் சொன்னபோது ஒரே வரி: "இதை யார் செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியாது. எனக்கு நல்லது செஞ்சாங்க." உட்கார்ந்துவிட்டான்.

எனிட் வரவில்லை. வருவார் என்று யார் சொன்னது? கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 1

எனிட் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது. கண்காட்சி முடிய இன்னும் பன்னிரண்டு நாள்.

மே 10, வியாழன்

மழை. கூடத்தில் ஈ காக்கை இல்லை. டாம்சினுக்கு உடம்பு சரியில்லை என்று நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை இருக்கும், குடையை உதறிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். எனிட்டும் ஒரு பெண்ணும். பெண்ணுக்கு நாற்பது தாண்டியிருக்கும், அதே முதுகு. எனிட் என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

அறுபத்து மூன்றாம் பக்கத்து வரிகளையே எழுதியிருந்த பலகையை மகள்தான் சத்தமாகப் படித்தாள். முடித்துவிட்டு, "ஐயோ பாவம்" என்றாள்.

"பாவம் என்ன பாவம்? நல்லாத்தான் பண்ணியிருக்கா" என்றார் எனிட்.

ஒவ்வொரு ஜாடியாக, முன்னால் நின்று, நகர்ந்து, நின்று. நான் நுழைவுச் சீட்டுகளை அடுக்கினேன், கலைத்தேன், அடுக்கினேன். எனிட் மூன்றாவது ஜாடிக்குத் திரும்பி வந்தார். பிறகு ஐந்தாவதற்கு. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தாம்மா, இந்த மூடியும் அந்த மூடியும் மாறி இருக்கு."

எழுந்து போனேன். அடுக்கியது நான்தான். இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரிந்தன.

"அம்மா, உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் லினெட். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

மழை கூரையில் பெய்துகொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'தெரியல, பார்த்தாத் தெரியுது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரால் சொல்ல முடியும், பெர்த் கடற்கரையையே வர்ணித்தவர்.

"ஏன்னா, அதுக்கு அளவெடுத்தது நான்."

லினெட் பலகையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி பலகை. அறுபத்து மூன்றிலிருந்து அறுபத்தைந்து. உதடு அசைந்தது, தன் பிறந்த வருஷத்தோடு கணக்குப் போடுகிறாள் என்று நினைக்கிறேன்.

"உட்காரலாம் வா லின்" என்றார் எனிட். "கொஞ்சம் சொல்லணும். உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்."

நான் பின்னாலுள்ள சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கெட்டிலைப் போட்டேன், கொதித்து அணைந்தது, மறுபடி போட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். மூன்று கோப்பைத் தேநீரோடு வெளியே வந்தபோது இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். லினெட்டின் கண்ணும் மூக்கும் சிவந்து வீங்கியிருந்தன. அம்மாவின் இடது கையைத் தன் கோட்டுப் பைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எதும்மா முதல்ல பண்ணது?"

எனிட் மற்ற கையால், சுவரோரம், விளக்குக்கு அடியில் தனியாக நின்ற ஒன்றைக் காட்டினார். இருபத்தேழாம் எண். 'கை முழுமையாகக் கனிந்த கடைசிக் காலத்தது' என்று நான் சீட்டு எழுதி ஒட்டியிருந்த ஜாடி.